கொட்டகைக்கு வெளியே பதினோரு வேலைகள்

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் மூன்றரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி அவர். வயது 56. நெல், மேட்டுப்பாங்கான முக்கால் ஏக்கரில் மஞ்சள், வரப்பில் தென்னை, கட்டுத்தரையில் இரண்டு கறவை மாடுகள். ஊரில் இப்படி நாற்பது பேராவது இருப்பார்கள். இவர் வீட்டுக்கு வழி கேட்பவர்கள் மட்டும் ‘கார்க்காரர் வீடு’ என்று கேட்க வேண்டும். அப்போதுதான் கை காட்டுவார்கள்.

காரணம், களத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்கும் அம்பாசடர். 1986-ம் வருடத்து மார்க் 4, டீசல் வண்டி. அவருடைய அப்பா 1994-ல் இரண்டாம் கையாக வாங்கினார். கவுந்தப்பாடிக்கு நாட்டுச் சர்க்கரை வியாபாரத்துக்குப் போய்வந்த வண்டி என்றுதான் பெயர். பாதி நாள் ஊருக்குத்தான் ஓடியது. பிரசவ வலி, பாம்புக்கடி, பெண் அழைப்பு எல்லாவற்றுக்கும் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இன்று முப்பதை நெருங்கும் ஊர்ப்பிள்ளைகளில் பலர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதன் பின்சீட்டில்தான். அப்பா காலமான பிறகு, 2009-ல் வண்டி நின்றது. எட்டு வருடம் கோழி அடைந்தது. 2017-ல் ஒரு நாள் மகன் “காயலாங்கடைக்குப் போட்டுடலாமுங்களா அப்பா” என்று கேட்டபோது, “நாமளே ஓட வைப்போம்” என்று சொல்லிக் கொட்டகையைப் பெருக்க ஆரம்பித்தவர்தான்.

அம்பாசடரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான வண்டி அது. பின்பக்கம் வில்பட்டை, கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே, உள்ளே கம்ப்யூட்டர் சமாசாரம் எதுவும் கிடையாது. ஒரு ஸ்பானர் செட்டும் பொறுமையும் இருந்தால் கழற்றி மாட்டலாம். கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடினால் உதிரிபாகமும் கிடைக்கும். பம்புசெட் மோட்டாரையும் களையெடுக்கும் கருவியையும் தானே பிரித்துப் பார்க்கும் விவசாயிக்கு இது அடுத்த வகுப்பு, அவ்வளவுதான்.

அந்தக் கொட்டகையை ஒருமுறை பார்க்க வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போல்ட், நட்டு, வாஷர் தனித்தனியாக. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, எந்த இடத்திலிருந்து கழற்றியது, என்றைக்குக் கழற்றியது என்று எழுதியிருக்கும். துருப்பிடித்த போல்டுகள் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். சுவரில் 192 பக்க நோட்டு ஒன்று கயிற்றில் தொங்கும். தேதி, வேலை, செலவு மூன்றும் அதில் ஏறிவிடும். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததைப் பிரிக்க மாட்டார். பிரேக் டிரம்மைக் கழற்றினால் அது திரும்ப மாட்டப்படும்வரை இன்ஜின் பக்கம் கை போகாது. இந்த ஒழுங்கில் ஆறு வருடத்தில் இன்ஜின், கியர்பாக்ஸ், அடித்தகடு, வில்பட்டை எல்லாம் முடிந்துவிட்டன. மிச்சம் டிங்கரிங்கும் பெயின்டும்தான்.

கொட்டகையிலிருந்து அறுபது அடி தள்ளி வீடு. கல்லும் செம்மண்ணும் வைத்துக் கட்டி, பனங்கை போட்டு, சீமை ஓடு வேய்ந்த தாத்தா காலத்து வீடு. அங்கே இந்த ஒழுங்கு எதுவும் வாசல்படி தாண்டவில்லை. உள்ளறை ஒழுகியது; மழைக்காலம் வந்தால் நாலு ஓட்டை மாற்றிவிட்டு இறங்கிவிடுவார். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் போக வழியில்லாமல் பொடக்காலி முழுக்கப் பாசி. ஆசாரத்துச் சுவரில் மூன்றடி உயரத்துக்குப் பூச்சு உப்பிக்கொண்டு நின்றது. அடுப்படியில் புகைபோக்கி பாதியில் நின்றது. கட்டுத்தரையில் மூத்திரம் தேங்கியது. பின்வாசலுக்கு ஒயர் இழுத்து, விளக்கு மாட்டவில்லை. முன்படி ஒன்று பெயர்ந்து ஆடியது. கோழிக்கூண்டுக்கு வாங்கிய கம்பிவலை சுருட்டியபடி அட்டாலியில் கிடந்தது. காய்கறிப் பாத்திக்கு வேலி, மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு ஏற்பாடு, கழிப்பறைக்குப் போகும் பாதை, இவையும் பேச்சோடு நின்றன. மொத்தம் பதினோரு வேலை. எல்லாம் தொட்டவை, அல்லது தொடுவதாகச் சொன்னவை. இதற்கென்று வாங்கிய ஆறு மூட்டை சிமென்ட், கட்டுத்தரை ஓரத்தில் கல்லாகிக் கிடந்தது. சிமென்ட் மூன்று மாதம் தாண்டினாலே வலு குறையத் தொடங்கும். இது இரண்டு மழை பார்த்த சிமென்ட்.

சோம்பேறி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. விடிகாலை ஐந்துக்கு மடை திருப்பப் போகிறவர். விஷயம் வேறு. காரில் ஒரு வேலை முடிந்தால் முடிந்ததுதான். துடைத்து வைத்த பிஸ்டன் மறுநாளும் துடைத்தபடி இருக்கும். நாலு பேர் வந்து பார்ப்பார்கள், “அடேங்கப்பா” என்பார்கள். வீட்டு வேலை அப்படியில்லை. கொத்தனார் வர வேண்டும், மணல் வர வேண்டும், மாடு குறுக்கே வரும், வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிடுவார்கள், நாற்று முற்றிவிடும். முடித்தாலும் யாரும் வந்து பார்த்துப் பாராட்டப் போவதில்லை. சாக்கடை சரியாக ஓடுகிறது என்று எந்த ஊரிலும் யாரும் மாலை போட்டதில்லை. அதோடு இன்னொன்று: கார் அவர் ஒருவரின் வேலை, வீடு யாருடைய வேலை என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை. மனைவி முதல் சில வருடம் சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். குடும்பத்தில் சொல்வது நின்றுவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று ஆண்கள் எடுத்துக்கொள்வது வழக்கம்.

2023-ல் மஞ்சள் விலை நன்றாக ஏறியது. இருப்பு வைத்திருந்த மஞ்சளை விற்று, 90,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தார். ஈரோட்டில் ஒரு பெயின்டர் சொன்ன தொகை அது. நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்துவிட்டார்.

அந்த வருடம் ஐப்பசியில், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடுவீடாக வரும் பெண் அவருடைய அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். அம்மாவுக்கு வயது 79. இரண்டு மாதமாகச் சிறுநீரில் எரிச்சல், இடையிடையே காய்ச்சல். மாத்திரை கொடுத்தால் சரியாகும், திரும்ப வரும். வந்த பெண் மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை.

“ஏனுங்க ஆத்தா, ஒரு நாளைக்குத் தண்ணி எவ்வளவு குடிக்கறீங்க?”

“எங்க சாமி குடிக்கறது. சாயங்காலத்துக்கு மேல சொட்டுத் தண்ணி குடிக்கறதில்லை. குடிச்சா ராத்திரி எந்திரிக்கோணுமல்லோ. அந்த இருட்டுல, அந்த வழுக்கல்ல, எங்க போறது?”

திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் காதில் இது விழுந்தது. கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் நாற்பதடி தூரம். நடுவில் துணி துவைக்கும் கல், பாசி, இரண்டு படி. விளக்கு இல்லை. முந்தைய வருடம் அம்மா ஒருமுறை அங்கே சறுக்கி உட்கார்ந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன ஆகும் என்று விட்டுவிட்டார்களாம். நான்கு மாதமாக ஒரு கிழவி தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறாள், மகன் அறுபதடி தூரத்தில் பம்பருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறான். வீட்டில் யாரும் இப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

வயதானவர்களுக்குத் தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தலைசுற்றல் எல்லாம் வரிசையாக வரும். தலைசுற்றினால் விழுவார்கள்; விழுந்தால் இடுப்பெலும்பு. கிராமங்களில் எத்தனையோ பாட்டிமார்கள் இப்படித்தான் படுக்கையில் விழுகிறார்கள். நாம் அதற்கு வயதாகிவிட்டது என்று பெயர் வைத்துவிடுகிறோம். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

அன்று இரவு அவர் கொட்டகை நோட்டைத் திருப்பி, பின்பக்க அட்டையிலிருந்து எழுத ஆரம்பித்தார். பதினோரு வேலையும் வரிசையாக. எழுதி முடித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். இதில் எது முதலில் என்று அவரையே நம்பர் போடச் சொன்னார். ஒழுகும் கூரைக்குத்தான் முதல் நம்பர் வரும் என்று அவர் எண்ணியிருந்தார். மனைவி பேனாவை வாங்கி, துணி துவைக்கும் கல் பக்கத்துத் தண்ணீருக்கு ஒன்று என்று போட்டார்.

“முதல்ல அந்த ஈரத்தை நிறுத்துங்க. மத்ததெல்லாம் அதுல நின்னுதான் பண்ணோணும்.”

காரில் வேலை செய்கிறவருக்கு இது உடனே புரிந்தது. ஆயில் எங்கே கசிகிறது என்று பார்க்காமல் யாரும் பெயின்ட் அடிக்க மாட்டார்கள். இரண்டாவது நம்பர் பின்வாசல் விளக்கு. மூன்றாவது கழிப்பறைப் பாதை. அதை அடித்துவிட்டு, ‘கழிப்பறையை அம்மா அறைக்குப் பக்கத்தில் கொண்டுவருவது’ என்று மனைவியே மாற்றி எழுதினார். கூரைக்கு ஐந்தாவது இடம்தான் கிடைத்தது. கோழிக்கூண்டு பத்தில் இருந்தது. அதைத் தனக்கு வேண்டியது என்பதால் கடைசிக்குத் தள்ளியிருந்தார். அவர் அதை நாலுக்கு மாற்றினார்.

விளக்கு மறுநாளே எரிந்தது. ஒயர் ஏற்கெனவே இருந்ததால் ஹோல்டரும் பல்பும் வாங்கி மாட்ட அரை மணி நேரம் ஆனது. அரை மணி நேர வேலை இரண்டு வருடம் காத்திருந்தது.

தண்ணீர் வழிக்குக் கொத்தனார் தேவைப்படவில்லை. கல்லைச் சுற்றி வழுக்காத சொரசொரப்பான தளம் போட்டு, மூன்று நான்கு அடிக்கு ஒரு அங்குலம் சரிவு வைத்து, ஒரு குழாயில் சேர்த்து, பொடக்காலி ஓரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே எட்டடி நீளத்தில் ஒரு பள்ளம். அடியில் உடைந்த ஓடும் ஜல்லியும், மேலே மணல். அதில் கல்வாழையும் சேப்பங்கிழங்கும் நட்டார். சோப்புத் தண்ணீர் இவற்றை ஒன்றும் செய்யாது. வடிந்து போவது அடுத்த வரிசையில் இருக்கும் வாழைக்குப் போகிறது. செலவு 3,200 ரூபாய். இதில் கவனிக்க வேண்டியது பள்ளத்துக்கு முன்னால் ஒரு சிறு தொட்டி வைப்பது. துணி நூல், முடி, சோப்புக் கசடு எல்லாம் அதில் தங்கிவிடும். வாரம் ஒருமுறை அள்ளினால் போதும். அந்தத் தொட்டி இல்லாமல் வெட்டிய பள்ளங்கள் ஆறு மாதத்தில் அடைத்துக்கொண்டு, “கல்வாழை வச்சும் நாறுதுங்க” என்ற புகாரில் முடிகின்றன.

கழிப்பறைதான் பெரிய செலவு. அம்மா அறைக்கும் கட்டுத்தரைக்கும் நடுவில் தவிட்டு மூட்டை போடும் ஐந்துக்கு ஏழடி மூலை ஒன்று இருந்தது. சுவரில் கதவு திறந்து அதையே கழிப்பறையும் குளியலறையும் ஆக்கினார்கள். செப்டிக் டேங்க் ஏற்கெனவே பின்னால் இருந்தது. அதற்கு நாலு அங்குலக் குழாய் முப்பதடி நீளம். நாற்பதடிக்கு ஓரடி கணக்கில் சரிவு. வாய்க்கால் பாசனப் பகுதியில் இருப்பவர்கள் இங்கே ஒன்றை மனதில் வைக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் வெகுவாக மேலே வந்துவிடும். மேட்டு நிலத்தில் நன்றாக வேலை செய்யும் உறிஞ்சு குழி, இங்கே தானே கிணறு ஆகிவிடும்; கழிவு நேராக நீர்மட்டத்தில் கலக்கும். இந்த வீட்டில் கசியாத டேங்க் இருந்ததால் பிழைத்தார்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் தண்ணீர் ஓடும் மாதத்தில் ஒரு குழி தோண்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

உள்ளே வழுக்காத டைல்ஸ், உட்காரும் வகைக் கோப்பை, அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் படியே இல்லாத தளம். பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி கடையில் விலை அதிகம் சொன்னார்கள். கார் வேலைக்கு வாங்கிய வெல்டிங் மிஷின் கொட்டகையில் இருந்தது. ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாயை வளைத்து, முனையில் தகடு வைத்துப் பற்றவைத்து, அவரே மூன்று கைப்பிடி செய்தார். உயரத்துக்கு டேப் வைத்து அளக்கவில்லை. அம்மாவை உட்காரச் சொல்லி, கை எங்கே போகிறது என்று பார்த்து, அங்கே சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். காரின் அடித்தகட்டுக்கு அடித்த துரு தடுக்கும் பிரைமரில் மிச்சம் இருந்ததை அதற்கு அடித்தார். எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய். பெயின்டருக்கு என்று வைத்திருந்த பணம் அங்கேதான் போனது. நோட்டின் முன்பக்கத்தில் ‘பெயின்ட் 90,000’ என்ற வரிக்கு நேராக ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது. வேறு எதுவும் எழுதவில்லை.

வேலை முடிந்த வாரத்தில், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். எரிச்சலும் காய்ச்சலும் அதற்குப் பிறகு ஒருமுறைதான் வந்தன.

ஆசாரத்துச் சுவர் கதை தனி. பத்து வருடத்துக்கு முன்னால், பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது என்று, தரையிலிருந்து மூன்றடிக்கு சிமென்ட் பூசினார்கள். இரண்டு வருடத்தில் அது உப்பியது. சுரண்டிவிட்டு மறுபடி சிமென்ட். மறுபடி உப்பல். கல்லும் செம்மண்ணும் வைத்துக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே சிக்கி, உப்பைக் கொண்டுவந்து பூச்சுக்குப் பின்னால் சேர்த்து, தள்ளிவிடும். வழி கிடைக்காத ஈரம் இன்னும் மேலே ஏறும். நம் ஊர்ப்பக்கம் பழைய வீடுகளை ‘ஸ்ட்ராங்க்’ ஆக்குகிறேன் என்று சிமென்ட் பூசிக் கெடுத்த சுவர்களுக்குக் கணக்கே இல்லை.

இவர் தை மாதத்தில் சிமென்டை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, கோடை முழுக்கச் சுவரை அப்படியே காய விட்டார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் “இதென்ன கோலம்” என்று கேட்டார்கள். மூன்று மாதம் ஒரு சுவரைச் சும்மா விட்டுவைக்கும் பொறுமையைக் கார்தான் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லை வாங்கித் தொட்டியில் நீற்றி, வாரக்கணக்கில் ஊற வைத்தார். முழுதாக நீறாத கட்டி பூச்சுக்குள் போனால் அங்கே பிறகு வெடித்துக் குழி விழும். நீற்றும்போது கொதிக்கும்; கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து; குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். பூசிய பிறகு பத்து நாள் லேசாக நனைத்து வந்தார்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டம். அந்தியூர்ப் பக்கம் எழுபது வயதுப் பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு இளவட்டக் கொத்தனார் பூசினார். 21,000 ரூபாய். இரண்டு மழை பார்த்தும் சுவர் உப்பவில்லை.

கூரையில் கிடைத்த பாடம் இன்னும் சுவாரசியம். வருடா வருடம் ஓட்டை மாற்றினாரே, ஒழுகியது ஓட்டால் அல்ல. ஏணி வைத்து ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டிப் பார்த்தபோது, உள்ளறைக்கு மேலே ஏழு பனங்கைகள் நடுவில் தொய்ந்திருந்தன. தொய்ந்த இடத்தில் சரிவு குறைகிறது. சரிவு குறைந்தால் அடித்த மழை ஓட்டின் மேல் ஓடாமல், ஓடும் ஓடும் சேரும் இடத்தில் பின்னால் ஏறி உள்ளே இறங்கும். அங்கே தங்க ஓடு வேய்ந்தாலும் ஒழுகத்தான் செய்யும். ஏழில் மூன்றைக் கரையான் உள்ளே கூடாக்கியிருந்தது. தட்டினால் பொத் என்று கேட்டது.

புதுப் பனை வெட்டுவது இப்போது நினைத்தபடி முடியாது. பனை நம் மாநில மரம். வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்துவிட்டது. அது நல்லதுதான். பக்கத்து ஊரில் இடித்த வீட்டிலிருந்து வைரம் பாய்ந்த பழைய கைகள் ஒன்பது வாங்கினார்; எழுபது வருடம் நின்ற மரம், ஒரு பூச்சித் துளைகூட இல்லை. முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெய் இரண்டு கை அடித்துக் காய வைத்து ஏற்றினார்கள். கரையானுக்கு நம் பெரியவர்கள் அடித்த எண்ணெய்தான் அது. தோலில் பட்டால் கொப்பளிக்கும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. சீமை ஓடு நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 130 முதல் 150 வரை பிடிக்கும். பழையதில் உடையாததையெல்லாம் கழுவி அடுக்கியதில், புதிதாக 200 ஓடுதான் வாங்க வேண்டியிருந்தது. கூலியோடு 64,000 ரூபாய்.

கட்டுத்தரைத் தளத்துக்கு 14,500, முன்படிக்கும் விளக்குக்கும் 4,800, கோழிக்கூண்டுக்கு 2,500. இரண்டரை வருடத்தில் எட்டு வேலை, ஒரு லட்சத்து 88 ஆயிரம் ரூபாய். கடன் வாங்கவில்லை. மஞ்சள் பணம், இரண்டு போக நெல், சொசைட்டிக்கு ஊற்றும் பால் பணம் என்று வந்த வந்தபோது ஒவ்வொரு வேலையாக முடித்தார். காலத்தையும் வாய்க்காலை வைத்தே பிரித்துக்கொண்டார். தண்ணீர் அடைத்திருக்கும் இடைவெளிகளில் ஆள் தேவைப்படும் பெரிய வேலை. தண்ணீர் ஓடும் மாதங்களில், நடவுக்கும் களையெடுப்புக்கும் நடுவில், தனியாகச் செய்யக்கூடிய சில்லறை வேலை. ஒரு வேலைக்கு வேண்டிய சாமான் முழுவதும் வந்து இறங்காமல் எதையும் இடிக்கக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட ஒரே சட்டம். ஹார்லிக்ஸ் பாட்டில் இல்லாமல் போல்ட் கழற்றுவதில்லையே, அதே மாதிரி. சிமென்ட் அதற்குப் பிறகு ஒரு மூட்டைகூடக் கல்லாகவில்லை.

காரும் வீடும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். காரில் அவர் ஒருவர் வைத்ததுதான் சட்டம். வீட்டில் நாலு பேர் நடமாடுகிறார்கள். நாலு பேருக்கும் அபிப்பிராயம் இருக்கிறது. கட்டுத்தரைத் தளத்தை அவர் பளபளப்பாக இழைத்துப் போடச் சொன்னார். மாடு பிடிக்கும் மனைவிதான் தடுத்தார். சினை மாடு வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். ஈரமாக இருக்கும்போதே கோடு கிழித்த தளமாகப் போட்டார்கள். சாண எரிவாயுக் கலன் வைக்கலாம் என்ற மனைவியின் ஆசையை அவர் கணக்குப் போட்டுத் தள்ளி வைத்தார். ஒரு கன மீட்டர் வாயுவுக்குத் தினம் 25 கிலோ சாணம் வேண்டும். குடும்பத்துச் சமையல் முழுவதும் ஆக இரண்டு கன மீட்டர் கலன் தேவை. அதற்கு 50 கிலோ. இரண்டு மாட்டில் பாதிதான் தேறும். கிடாரிக் கன்று வளர்ந்து மூன்றாவது மாடாகும்போது பார்க்கலாம் என்று நோட்டில் பன்னிரண்டாவது வேலையாக ஏறியிருக்கிறது. அடுப்படிப் புகைபோக்கி அதனால்தான் இன்னும் முடியவில்லை. கேஸா விறகா என்று முடிவாகாமல் கட்டி என்ன செய்வது என்று இருவரும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மனைவிக்கு இப்போது வாரத்தில் மூன்று சாயங்காலம் கிடைக்கிறது. பாசி கழுவுவதும், ஒழுகலுக்குப் பாத்திரம் மாற்றுவதும், மாமியாரைக் கைப்பிடித்துப் பின்னால் கூட்டிப்போவதும் எவ்வளவு நேரத்தைத் தின்றன என்று, அவை நின்ற பிறகுதான் தெரிந்தது. ஊர்க் கோயில் மைதானத்தில் நடக்கும் வள்ளி கும்மிப் பயிற்சிக்குப் போகிறார். முப்பது வருடமாக ஆசை என்றாராம். வீட்டில் யாருக்கும் தெரியாத ஆசை. மாசித் திருவிழாவில் அரங்கேற்றம் நடந்தபோது அவர் கடைசி வரிசையில் நின்று பார்த்தார். கூட்டத்தில் யாரோ “கார்க்காரர் சம்சாரம் நல்லா ஆடுதே” என்றார்கள்.

கார் விற்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் கொட்டகை திறக்கிறது. பழைய வேகத்தில் ஓடியிருந்தால் இந்நேரம் பெயின்ட் முடிந்து, பதிவைப் புதுப்பித்து, ரோட்டில் போயிருக்கும். 15 வருடம் கடந்த சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தனிச் செலவு இருக்கிறது. இடது பக்க முன்கதவு இன்னும் ஸ்டூல் மேல்தான் சாய்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போது அவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. மகன் பெங்களூரிலிருந்து வந்தால் இருவரும் சேர்ந்து கதவின் அடித்தகட்டைத் தட்டி நிமிர்த்துகிறார்கள்.

அடுத்த வேலை மழைத்தண்ணீர். ஓட்டுப் பரப்பு 900 சதுர அடி. பத்து மில்லிமீட்டர் மழைக்கு அதில் 840 லிட்டர் விழுகிறது. சிந்தியது சிதறியது போக 650 லிட்டருக்குக் குறையாது. இவ்வளவும் இப்போது சுவர் ஓரத்தில் விழுந்து, புதிதாகப் பூசிய சுண்ணாம்புக்குத்தான் ஈரம் ஏற்றுகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டின் கீழ் வரிசைக்குத் தகரக் கால் அடித்து, முதல் மழைத் தண்ணீரை வெளியே விட ஒரு திருப்பு குழாய் வைத்து, பிறகு வருவதைத் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். கதவுக்கு என்று வாங்கிய தகடு எட்டடி மிச்சம் இருக்கிறது. தெற்குப் பக்கத்துக்கு அது போதும். வடக்குப் பக்கத்துக்கு இன்னும் இருபதடி வாங்க வேண்டும். அளவு எடுத்தாகிவிட்டது, நோட்டில் ஏறியும்விட்டது.